மாடியில் எத்தனை கிலோவாட்? திண்டுக்கல் வீட்டுக்கு நான் போட்ட சோலார் கணக்கு

சோலார் பற்றிக் கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விதான்: "அப்பா அம்மா ஊர்ல இருக்காங்க, நான் சென்னையில வேலை பார்க்கிறேன், வீட்டுக்கு 3 கிலோவாட் போடலாமா, 5 போடலாமா?" எங்க வீட்டுக் கதையும் இதேதான். அதனால பொதுவாகப் பேசாமல், எங்க வீட்டு நம்பரை வைத்தே சொல்கிறேன்.

திண்டுக்கல் ஆர்.எம். காலனியில் எங்க வீடு. அப்பாவிடம் ஒரு டைரி உண்டு. மின்வாரியத்துக்காரர் ரீடிங் எடுக்க வரும் தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து அதில் எழுத ஆரம்பித்துவிடுவார். 490 தாண்டிவிட்டால் அன்று ராத்திரி ஏசி கிடையாது. அம்மா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஹாலில் ஜன்னலோரம் படுப்பாங்க. "ஐநூறைத் தாண்டினா தீட்டிருவான் பாப்பா" என்பார் அப்பா. இவ்வளவு செய்தும் 2023-ல் ஆறு பில்லில் நாலு பில் ஐநூறைத் தாண்டிவிட்டது.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியது. 2025 ஜூலையில் வீடுகளுக்கு அது மாறவில்லை. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501-வது யூனிட் ஓடிய அடுத்த நிமிடம் வேறு அட்டவணைக்குப் போய்விடுவீங்க. அங்கே அந்த 2.35 சலுகை கிடையாது, 101-லிருந்தே 4.70. அதோடு 501-600 வரை 8.40, 601-800 வரை 9.45, 801-1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. 501 யூனிட்டுக்கு பில் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். ஏசியை அணைத்துவிட்டு அப்பா டைரியோடு உட்கார்ந்ததில் என்ன தப்பு?

கட்டணம் ஏறிய அதே ஜூலையில், நல்ல சட்டை போட்ட ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறார். "சார், 5 கிலோவாட் போட்டுருங்க. பில்லே வராது. மிச்ச கரண்ட்டை மின்வாரியத்துக்கே விக்கலாம். 78,000 மானியம் வேற." மொத்தம் 3,10,000. மானியம் போக 2,32,000. அப்பா அன்று சாயங்காலமே வங்கிக்குப் போய் எஃப்டியை உடைத்தால் எவ்வளவு வட்டி குறையும் என்று கேட்டுவிட்டு வந்து எனக்கு போன் போட்டார். சந்தோஷமான குரல். "இனிமே அம்மா நல்லாத் தூங்குவா."

நான் கேட்டது ஒரே கேள்வி: "அப்பா, போன வருஷம் பில் மொத்தம் எவ்வளவு கட்டுனீங்க?" அது அவருக்குத் தெரியவில்லை. ஆனால் யூனிட் எல்லாம் டைரியில் இருந்தது.

டைரியிலிருந்து எக்செலுக்கு

ஜனவரி-பிப்ரவரி 420 யூனிட். மார்ச்-ஏப்ரல் 640. மே-ஜூன் 720. ஜூலை-ஆகஸ்ட் 560. செப்டம்பர்-அக்டோபர் 520. நவம்பர்-டிசம்பர் 400. புதுக் கட்டணத்தில் இதை ஓட்டிப் பார்த்தால் வருடத்துக்கு 14,500 ரூபாய்.

இங்கேதான் எனக்கு முதல் சிரிப்பு வந்தது. அப்பா உடைக்கப் போன 2,32,000-க்கு 7% வட்டி என்று வைத்தாலே வருஷத்துக்கு 16,240 ரூபாய். அவருடைய மொத்த மின் கட்டணமே அந்த வட்டியைவிடக் குறைவு! பில்லை முழுசாக ஒழித்தாலும் அவருக்கு நஷ்டம்தான். எஃப்டி வட்டிக்கு வரி உண்டு, மிச்சமான கரண்ட் பில்லுக்கு வரி கிடையாது என்பது உண்மை. ஆனால் அப்பா மாதிரி வரி வரம்புக்குள் இருக்கும் பென்ஷன்காரருக்கு அந்த வித்தியாசம் பெரிதாக உதவாது. 30% ஸ்லாபில் இருக்கிற உங்களுக்கு உதவும்.

அப்போ சோலார் வேண்டாமா? அவசரப்படாதீங்க. அடுத்த கணக்குதான் முக்கியம். இதை யாரும் உங்களுக்குப் போட்டுக் காட்ட மாட்டாங்க.

முதலில் எவ்வளவு கரண்ட் வரும்? கடைக்காரர்கள் "கிலோவாட்டுக்கு தினமும் 5 யூனிட்" என்பாங்க. பேனலில் எழுதியிருக்கும் வாட் என்பது, சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயிலும் பேனலின் சூடு 25 டிகிரியும் இருக்கும் சோதனைக்கூடத்து நம்பர். நம்ம ஊர் மாடியில் வெயில் இருக்கும், 25 டிகிரிக்கு எங்கே போவது? மத்தியானம் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். அதனால்தான் அக்னி நட்சத்திரத்தைவிட மாசி, பங்குனியில் பேனல் நன்றாக வேலை செய்கிறது. தூசி, வயர், இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போகும். வருஷ சராசரிக்குக் கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்பது பாதுகாப்பான கணக்கு. நான் இன்னும் கொஞ்சம் குறைத்து 3.9 என்று வைத்தேன், வருஷத்துக்கு 1,425 யூனிட். உங்கள் ஊருக்குப் பார்க்க வேண்டுமென்றால் உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் இலவசம். மேப்பில் உங்கள் வீட்டு மாடியைத் தொட்டாலே வருஷ உற்பத்தி வந்துவிடும்.

மாதவாரியாகவும் பிரிக்க வேண்டும். திண்டுக்கல்லுக்குத் தென்மேற்குப் பருவமழையை மலைத்தொடர் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. நமக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால் நவம்பர்-டிசம்பருக்கு ஒரு கிலோவாட்டுக்கு 190 யூனிட் மட்டும் வைத்தேன். மார்ச்-ஏப்ரலுக்கு 270.

இப்போ பாருங்க. 1 கிலோவாட் போட்டால், வருஷ பில் 14,500-லிருந்து சுமார் 4,600-க்கு இறங்குகிறது. மிச்சம் 9,900. இரண்டாவது கிலோவாட் சேர்த்தால் பில் வெறும் 376 ரூபாய். அதாவது அந்த இரண்டாவது கிலோவாட்டின் பங்கு 4,200 ரூபாய்தான். மூன்றாவது கிலோவாட்? மிச்சமிருக்கும் 376 ரூபாயைத் தவிர அதற்கு மிச்சம் பிடிக்க எதுவுமே இல்லை.

மூன்று கிலோவாட்டும் ஒரே வெயிலில், ஒரே அளவு கரண்ட் தருகின்றன. பணம் மட்டும் 9,900, 4,200, 376 என்று இறங்குகிறது. காரணம் ஸ்லாப். முதல் கிலோவாட் உங்கள் 9.45, 8.40 ரூபாய் யூனிட்டுகளைச் சாப்பிடுகிறது, 501-க்கு மேல் இழந்த சலுகையையும் திருப்பி வாங்கிக் கொடுக்கிறது. இரண்டாவது, 4.70-ஐயும் 2.35-ஐயும் சாப்பிடுகிறது. அதற்குப் பிறகு இருப்பது எப்படியும் அரசு இலவசமாகத் தருகிற 100 யூனிட். இலவசமாகக் கிடைப்பதை 42,000 ரூபாய் கொடுத்து வாங்குவானேன்?

42,000 எங்கே வந்தது என்கிறீங்களா? எங்களுக்குக் கிடைத்த இன்னொரு விலைப்பட்டியல்: 1 கிலோவாட் 75,000, 2 கிலோவாட் 1,35,000, 3 கிலோவாட் 1,95,000. 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 மானியம், மூன்றாவதுக்கு 18,000, அதோடு சரி. 5 போட்டாலும் 10 போட்டாலும் 78,000-தான். மானியம் போக எங்களுக்கு 45,000, 75,000, 1,17,000. மூன்றாவது கிலோவாட்டுக்குக் கூடுதல் செலவு 42,000, வருஷ வரவு 376. போட்ட காசு திரும்ப 111 வருஷம் ஆகும். பேனலுக்கே 25 வருஷம்தான் வாரண்டி.

2 கிலோவாட்டில் நின்றோம். மிச்சக் கரண்ட்டை விற்றுச் சம்பாதிக்கும் யோசனையை அப்பா மனசிலிருந்து எடுக்க மட்டும் ஒரு வாரம் ஆனது. கூடுதலாகப் போகும் யூனிட் அடுத்த பில்லில் கழிய உதவும், அவ்வளவுதான். மாச வருமானம் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்க.

இந்தக் கணக்கு உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மட்டுமே ஓடும் வீட்டில் வருஷ பில்லே 1,410 ரூபாய். 45,000 போட்டால் திரும்ப வர 32 வருஷம். போடாதீங்க. 300 யூனிட் என்றால் வருஷத்துக்கு 4,230, பத்தரை வருஷம் ஆகும். நான் போட மாட்டேன். அதே நேரம் இரண்டு ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று 1,000 யூனிட்டைத் தொடும் வீட்டில் மூன்றாவது கிலோவாட்டும் நன்றாகவே சம்பாதிக்கும். கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்து, மேலிருந்து எந்த விலை யூனிட்டுகள் கழிகின்றன என்று பாருங்க. சராசரி விலையைப் போட்டுக் கணக்கு பார்த்தால் ஏமாந்துபோவீங்க. நெட் மீட்டர் செலவு, நெட்வொர்க் சார்ஜ் இரண்டையும் உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டுச் சேர்த்துக்கோங்க. என் கணக்கில் அவை இல்லை.

பேப்பர் வேலை

இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வங்கிக் கணக்குக்குத்தான் மானியம் போகும். எங்க இணைப்பு தாத்தா பெயரில் இருந்தது, அவர் இறந்து பதினோரு வருஷம். முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் போர்ட்டலில் விண்ணப்பம். ஊரில் பாதி வீட்டில் இதே நிலைமைதான் இருக்கும், இன்றைக்கே அந்த மின் அட்டையை எடுத்துப் பாருங்க.

மானியம் பின்னாடிதான் வரும், முழுத் தொகையும் முதலில் நாம்தான் கட்ட வேண்டும். 1,35,000-ஐயும் நான் கட்டினேன். 60,000 அப்பா கணக்கில் வந்து விழுந்தது. அது இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறது, நானும் கேட்கவில்லை. கையில் பணம் இல்லாதவங்களுக்கு, 3 கிலோவாட் வரை 2 லட்சம் அடமானமில்லாத கடன் இந்தத் திட்டத்திலேயே உண்டு. பெர்சனல் லோனைவிட வட்டி ரொம்பக் குறைவு. கிரெடிட் கார்டு இஎம்ஐ-யில் சோலார் வாங்காதீங்க, ப்ளீஸ்.

மானியம் வேண்டுமென்றால் பேனல் டிசிஆர் வகையாக இருக்க வேண்டும். அதாவது செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். ரொம்ப மலிவாக ஒரு விலை வந்தால் முதலில் இதைக் கேளுங்க. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பொருத்தும் வேலையோடு சேர்த்து வாங்கும்போது 70 பங்கு பொருள், 30 பங்கு சேவை என்று பிரிப்பதால் மொத்தத்தில் 13.8-லிருந்து 8.9 ஆகிறது. எங்க 1,35,000 பில் இன்றைக்கு 1,29,200 அளவில் வந்திருக்கும். பழைய விலைப்பட்டியலை நீட்டினால் தேதியைப் பாருங்க. "40% டிப்ரிசியேஷன் கிடைக்கும் சார்" என்று சொல்வதும் உண்டு. அது தொழில் செய்பவர்களுக்கு. சம்பளக்காரரின் வீட்டு சோலாருக்கு வருமான வரியில் எந்தக் கழிவும் கிடையாது.

இன்னொன்று. இருவழி மீட்டர் மாட்டுவதற்கு முன் சிஸ்டத்தை ஆன் பண்ணாதீங்க. சாதாரண மீட்டர் சிலவற்றில், நாம் வெளியே அனுப்பும் கரண்ட்டும் உள்ளே வாங்கியதாகவே எண்ணப்படும். பேனல் ஆகஸ்டில் ஏறியது, எங்களுக்கு மீட்டர் வந்தது அக்டோபரில். அதுவரை அப்பா தினமும் மாடிக்குப் போய் சும்மா கிடக்கும் பேனலைப் பார்த்துவிட்டு வருவார்.

ஆகஸ்ட் வெயிலும் கார்த்திகை நிழலும்

நான் செய்த தப்பு இங்கே. ஆகஸ்ட் மூன்றாவது வாரம் மத்தியானம் மாடியில் நின்று பார்த்தேன். தண்ணி டேங்கின் நிழல் டேங்குக்கு அடியிலேயே கிடந்தது. நிழல் பிரச்சினையே இல்லை என்று டேங்குக்கு வடக்குப் பக்கம் பேனலை வைக்கச் சொல்லிவிட்டேன். திண்டுக்கல் கிட்டத்தட்ட 10.4 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரமும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டியும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். இடையில் மே, ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், மத்தியான நிழல் தெற்கே விழும். மார்கழியில் அதே சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். எட்டடி உயர டேங்குக்கு நடு மத்தியானத்திலேயே ஐந்தரை அடி நிழல் வடக்கே விழும்.

கார்த்திகையில் ஆப்பில் பார்த்தால், மேகமே இல்லாத நாளிலும் பதினொரு மணிக்கு மேல் கிராஃப் பள்ளமாகிறது. நாலு பேனலில் ஒன்றின் மூலையில் டேங்க் நிழல். பேனல்களை வரிசையாக இணைத்திருப்பதால் ஒன்றின் மூலை இருண்டாலே மொத்தமும் குறைகிறது. ஸ்டாண்டை நகர்த்த 3,500 ரூபாய் செலவு. நீங்க பேனல் வைக்கும் மாதம் எதுவாக இருந்தாலும் மார்கழி நிழலை மனசில் வைத்து இடம் பாருங்க. பக்கத்து மனை காலியாக இருந்தால், அங்கே மாடி எழும்பினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசிங்க.

தூசி, உப்புத் தண்ணி

பராமரிப்பு என்றால் பெரிய வேலை இல்லை, சுத்தம்தான். 2025 ஏப்ரலில் மழையில்லாத மூன்று வாரத்தில் எங்க தினசரி உற்பத்தி 9 யூனிட்டிலிருந்து எட்டுக்குக் கீழே வந்தது. துடைத்த மறுநாள் மறுபடி ஏறியது. மாசியிலிருந்து ஆனி வரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில் மழையே பார்த்துக்கொள்ளும்.

போர் தண்ணியில் கழுவாதீங்க. நம்ம ஊர் போர் தண்ணி எப்படி என்று குளியலறை டைல்ஸைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படலம் பேனல் கண்ணாடியிலும் படிந்துவிடும், பிறகு தேய்த்தால் கீறல்தான் மிச்சம். ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணி வருகிற அன்று இரண்டு வாளி பிடித்து வைத்துக்கொள்வார் அப்பா. விடியற்காலையில் மெல்லிய துணி, நீளக் கைப்பிடி வைத்த வைப்பர், சோப்பு வேண்டாம். உச்சி வெயிலில் கொதிக்கிற கண்ணாடி மேல் பச்சைத் தண்ணி ஊற்றக் கூடாது. ஆடிக் காற்றுக்கு முன்னால் ஸ்டாண்டின் போல்ட்டுகளை ஒரு தடவை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்க. இந்தத் திட்டத்தில் பொருத்தியவரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும், அதனால் கூப்பிடத் தயங்காதீங்க. இன்வெர்ட்டர் மட்டும் பேனல் அளவுக்கு உழைக்காது. மிச்சமாகும் பணத்தில் வருஷம் 2,000 ரூபாயை அதற்கென்று ஒதுக்கி வைக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரே ஏமாற்றம், கரண்ட் போனபோது. சுள்ளென்று வெயில், மாடியில் நாலு பேனல், ஆனால் வீட்டில் ஃபேன் ஓடவில்லை. பேட்டரி இல்லாத இந்த வகை சிஸ்டம், லைன் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு நம் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக. பேட்டரியோடு போட்டால் செலவு எங்கேயோ போய்விடும். பழைய யுபிஎஸ் இருக்கிறது, இரண்டு ஃபேனுக்கு அது போதும். இதை நான் முன்னாடியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வருஷம் கழித்து

2025 முழு வருஷத்தில் வந்தது 2,790 யூனிட். நான் போட்டிருந்தது 2,850. பரவாயில்லை. ஆனால் வீட்டு உபயோகம் 3,260-லிருந்து 3,600 ஆகிவிட்டது. மே-ஜூனில் மட்டும் 880 யூனிட்! 480 பேனல் கொடுத்தது, மீதி 400-க்கு 1,175 ரூபாய் பில். சோலார் இல்லாமல் 880 ஓடியிருந்தால் 5,610. வருஷம் முழுக்கச் சேர்த்து நாங்கள் கட்டியது 1,600 ரூபாய்க்குள்.

இதே உபயோகத்துக்கு சோலார் இல்லாவிட்டால் 17,600 வந்திருக்கும், அதனால் 16,000 மிச்சம் என்று விற்கிறவங்க சொல்வாங்க. நான் அப்படி எழுத மாட்டேன். பழைய 14,500-லிருந்து 1,600 கழித்து 12,900 என்றுதான் என் எக்செலில் இருக்கிறது. ஸ்டாண்டு நகர்த்திய செலவோடு போட்ட 78,500 திரும்ப ஆறு வருஷம். மீதி யூனிட்டெல்லாம் ஏசியில் போனது.

போன மே மாசம் ஊருக்குப் போயிருந்தபோது டைரியைத் தேடினேன். டிவி பக்கத்தில்தான் இருந்தது. இப்போது அதில் ஆப்பில் வரும் தினசரி உற்பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறார். அம்மா உள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாங்க. ஏசி 25-ல் ஓடிக்கொண்டிருந்தது.